அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு: முதல் தடவை தொகுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில், சுடலைக்குப் போய்வந்த அன்றிரவோ மறுநாளோ யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: "கல்வெட்டு ஆர் பாக்கிறது?" தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் அல்லது மடிக்கணினி வைத்திருப்பவர் பக்கம் எல்லாரும் திரும்புவார்கள். அந்த ஆள் நீங்கள்தான் என்றால் மேற்கொண்டு வாசியுங்கள்.

கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் நாங்கள் சொல்லும் அந்தச் சிறு புத்தகம், 31-ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டில் நடக்கும் வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கப்படுவது. முகப்பில் படம், உள்ளே திதி வெண்பா, திருமுறைப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இந்த அமைப்பில் கை வைக்கத் தேவையில்லை. வாழ்க்கை வரலாறு என்று வரும் அந்த மூன்று நான்கு பக்கங்களில்தான் வேலை இருக்கிறது. பெரும்பாலான கல்வெட்டுகளில் அந்தப் பக்கங்களைத் திறந்தால் பண்பாளர், பரோபகாரி, குலவிளக்கு, எல்லோருடனும் இன்முகத்துடன் பழகியவர் என்று போகும். பெயரை மட்டும் மாற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதையே அச்சடிக்கலாம். நல்ல மனிதர் ஒருவர் எழுபது எண்பது வருடம் இருந்து செய்துவிட்டுப் போனவற்றை அந்த நாலு பக்கத்துக்குள் கொண்டுவருவதுதான் உங்கள் பொறுப்பு.

சைவக் குடும்பத்தை வைத்தே எழுதுகிறேன். கிறிஸ்தவ வீடுகளில் திருமுறையின் இடத்தில் விவிலிய வசனங்கள் வரும், திதி வராது. மற்ற வேலையெல்லாம் ஒன்றுதான்.

முதல் எட்டு நாள்: எழுத வேண்டாம், கேளுங்கள்

உங்களிடம் இருப்பது ஒரு மாதம். அச்சகத்துக்கு ஒரு வாரமாவது விட வேண்டும். அப்படியிருந்தும் முதல் வாரத்தில் எழுத உட்காராதீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் வந்து போவார்கள். அப்பாவோடு பள்ளிக்கூடம் போனவர், முதல் வேலையில் மேசையைப் பகிர்ந்தவர், ஊரைவிட்டுப் போய் முப்பது வருடமாக வராத மச்சாள் எல்லாரும் ஒரே வளவில் இருக்கும் நாட்கள் இனிக் கிடைக்காது. ஒரு கொப்பியும் பேனையும் கையில் இருக்கட்டும். கேட்டுவிட்டுக் கைத்தொலைபேசியிலும் பதிவு செய்யலாம். சிலர் பதிவு என்றதும் மேடைத்தமிழுக்கு மாறிவிடுவார்கள், அவர்களிடம் கொப்பி போதும்.

"அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "தங்கமான மனுசன்" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அவரை முதலில் எங்கே கண்டீர்கள்? அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? உங்களுக்கு ஏதாவது வாங்கித் தந்தாரா, எழுதித் தந்தாரா, யாரிடமாவது கூட்டிக்கொண்டு போனாரா? எதற்குக் கோபப்படுவார்? கடைசியாக என்ன கதைத்தீர்கள்? இடம், ஆள், பொருள் என்று கேட்டால் சம்பவம் வரும். கோபத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட வேண்டாம். நல்லவர்கள் எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதில் அவர்களைப் பற்றி நிறையத் தெரியும்.

அம்மாவிடம் மட்டும் இந்த நாட்களில் அவசரப்படக் கூடாது. அவர் தானாகச் சொன்னால் கேளுங்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வீடு வெறிச்சோடியபின் அவரே கதைக்கத் தொடங்குவார்.

அலுமாரியில் இருப்பதும் ஆண்டுகளைப் பிடிக்கும் வழியும்

மரண அறிவித்தல் ஏற்கெனவே பத்திரிகைக்குப் போயிருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று போகும் அந்த வாசகம்தான் உங்கள் எலும்புக்கூடு. அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆனால் நம்பிவிடாதீர்கள். அது செத்தவீட்டு அவசரத்தில், பெரும்பாலும் தொலைபேசியில், சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

அப்புறம் கடதாசிகள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், சாதகம், பாடசாலை விடுகைப் பத்திரம், நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், ஓய்வூதியக் கோவை. அரச ஊழியராக இருந்தவர் என்றால் ஓய்வூதியக் கோவை ஒன்றே அரைவாசி வரலாற்றைத் தந்துவிடும். பிறந்த திகதியில் குழப்பம் இருந்தால் பழைய தேசிய அடையாள அட்டை உதவும். அந்த ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 42187 என்று தொடங்கினால் 1942 ஜூலை முதல் வாரம். பெண்களுக்கு அந்த மூன்று இலக்கத்தோடு 500 கூட்டியிருப்பார்கள். சாதகத்தில் ஒரு திகதியும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது இன்னொரு திகதியுமாக இருப்பது பழைய ஆட்களிடம் சாதாரணம். நான் சாதகத்தின் பக்கம் சாய்வேன்.

கடதாசி இல்லாத வீடுகளும் நிறைய உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் ஆல்பங்களையும் கோவைகளையும் சுமந்துகொண்டு போகவில்லை. அப்படியான வீடுகளில் ஆண்டைக் கேட்டுப் பயன் இல்லை, யாருக்கும் நினைவிருக்காது. ஊரே அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956. அதே ஆண்டுதான் தனிச்சிங்களச் சட்டம். 58 கலவரம். 1964 டிசம்பர்ப் புயல். தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரி. நூலகம் எரிந்தது 1981 மே கடைசி, ஜூன் தொடக்கம். 83 ஜூலை. இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது 1987 ஒக்டோபர். ரயில் நின்றது 1990. இடப்பெயர்வு 1995. ஏ9 பாதை திறந்தது 2002. ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014. "வீடு கட்டினது எப்ப?" என்றால் மாமி விழிப்பார். "மாநாட்டுக்கு வந்த ஆட்கள் புது வீட்டிலயோ பழைய வீட்டிலயோ தங்கினவை?" என்றால் உடனே சொல்வார்.

அரச உத்தியோகத்தராக இருந்தவரைப் பற்றி இன்னொரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரச ஊழியர்களிடம் கேட்ட சிங்களப் பரீட்சையை எழுதினாரா? எழுதியவர்கள் உண்டு, எழுத மறுத்துச் சம்பள உயர்வை இழந்தவர்களும் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களும் உண்டு. இரண்டுக்கும் பின்னால் வீட்டில் நடந்த ஒரு பெரிய பேச்சு இருக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தெரியாது.

திதி

இதில் பிழை விட்டால் வருடா வருடம் திவசம் பிழைக்கும், அதனால் இதை ஐயரிடமே உறுதி செய்யுங்கள். வெண்பாவில் வர வேண்டியவை: தமிழ் ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, பெயர், ஊர். ஆண்டின் பெயர் சித்திரையில் மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம். 2025 ஜனவரியில் காலமானவருக்குக் குரோதி, அதே ஆண்டு மே மாதத்தில் என்றால் விசுவாவசு. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கங்களும் சில நாட்களில் வேறு வேறு திதி காட்டும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பிடியுங்கள்.

வெளிநாட்டில் நடந்த மரணம் என்றால் நேரத்தைக் கவனமாக மாற்ற வேண்டும். டொரன்டோவில் கோடை காலத்து இரவு 9 மணி என்பது யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. ஊரில் அச்சடித்த பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு டொரன்டோத் திகதியில் திதி பார்த்தால் பிசகிவிடலாம். நாடு, திகதி, நேரம் மூன்றையும் ஐயரிடம் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை அவர் பார்ப்பார்.

வெண்பா எழுத ஊரில் ஒருவர் இருப்பார். அவர் எழுதித் தந்ததில் ஓசை எப்படி என்று நீங்கள் பார்க்கத் தேவையில்லை, மேலே சொன்ன விவரங்கள் சரியா என்று மட்டும் பாருங்கள்.

வாழ்க்கை வரலாறு

உதாரணத்துக்குப் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை வைத்துக்கொள்வோம். வழமையாக எழுதுவது: "அன்னார் தமது கடமையைத் திறம்பட ஆற்றி, மேலதிகாரிகளின் பாராட்டைப் பெற்று, சக ஊழியர்களின் அன்புக்குப் பாத்திரமாகத் திகழ்ந்தார்." இதில் ரயில் எங்கே? எந்த நிலையம்? கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் உங்களிடம் இருப்பது வேறு: மாகோவில் இருந்தபோது இரவு ரயிலைத் தவறவிட்ட ஊர்ப் பெடியளைத் தன் குவார்ட்டர்ஸில் படுக்க வைத்து விடிய ஏற்றிவிடுவார், அம்மா அதற்காகவே இரவில் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவார். இதை அப்படியே எழுதுங்கள். இரக்கம், உபசரிப்பு என்ற சொற்களைப் பக்கத்தில் வைக்கவே தேவையில்லை. அரிசி கூடப் போட்ட அம்மாவும் உள்ளே வந்துவிட்டார், பாருங்கள். குடும்பத் தலைவர் ஒருவரின் நல்ல பெயருக்குப் பின்னால் உலையில் நின்ற ஒருத்தி எப்போதும் உண்டு. கல்வெட்டுகள் அவரைப் புலம்பலில் மட்டும்தான் பேச விடுகின்றன.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டு வாசியுங்கள். எந்த வாக்கியம் அவருக்கும் பொருந்துகிறதோ அதை வெட்டுங்கள், அல்லது அதன் கீழே ஒரு சம்பவத்தை வையுங்கள். "கல்விக்கு உதவியவர்" பொருந்தும், வெட்டு. "இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில் தங்கியிருந்த கொட்டிலில் அயல் பிள்ளைகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்" என்பது இருக்கட்டும்.

சாதனைகள் எப்படி? பட்டம், பதவி, கோயில் தர்மகர்த்தா சபை, சனசமூக நிலையத் தலைவர், சமாதான நீதவான் எல்லாம் வர வேண்டும், வராவிட்டால் உறவினர் கோபிப்பார்கள். அவற்றை ஆண்டுகளோடு ஒரு பத்தியில் அடக்கிவிடுங்கள். பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்து விரியுங்கள், எதற்காக அவர் உண்மையில் தூக்கம் கெட்டாரோ அதை. பன்னிரண்டு பதவிகளை அடுக்கினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். வாசிகசாலைக்குக் கூரை போட அவர் யார் யார் படியேறினார் என்று எழுதினால் ஊரே வாசிக்கும், தன் வீட்டுப் படி வந்திருக்கிறதா என்றும் தேடும்.

வரிசையும் பிறப்பில் தொடங்கித்தான் போக வேண்டும் என்றில்லை. என்றாலும் முதல் தடவை எழுதுகிறவர் காலவரிசையை விடாமல் இருப்பது நல்லது, பத்திகள் சிக்காது. இளமைக்கு ஒரு பத்தி, வேலைக்கு இரண்டு, கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு, போர்க்காலத்துக்கு ஒன்று, ஓய்வுக்கும் கடைசி நாட்களுக்கும் ஒன்று. நோயைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம். கடைசி மூன்று மாதத்தைப் பிள்ளைகள் இப்போதுதான் கண்டவர்கள், அதனால் அது பெரிதாக வந்து நிற்கும். எண்பது வருடத்தில் அது மூன்று மாதம்தான்.

நெருடலான விஷயங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. குடி, சகோதரரோடு காணிப் பிணக்கு, பேசாமல் போன மகன். கல்வெட்டு வழக்காடும் இடம் இல்லை, எழுதாமல் விடலாம். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதாதீர்கள். பத்து வருடம் முகம் பாராத தம்பியை "உடன்பிறப்புகளின் உயிர்" என்ற வரியில் சேர்த்தால் சபையில் அவரே சிரிப்பார்.

போரில் இழந்த பிள்ளை இருந்தால் பெயரும் ஆண்டும் வரட்டும், அப்பா சுமந்த பெரிய பாரம் அதுதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவதற்கு முன் அம்மாவைக் கேளுங்கள். பல தாய்மார் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்குச் சம்மதிப்பதில்லை. அவர் வேண்டாம் என்றால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வெறும் பெயரைப் போடுங்கள். அச்சகத்தில் யாராவது "திருத்தி" விடவும் கூடும், கடைசிப் பிரதியில் அந்த இடத்தை நீங்களே பாருங்கள்.

வம்சாவளி

அதிகம் சண்டை வரும் பக்கம் இது, பிறகு அதிகம் தேடப்படுகிற பக்கமும் இதுதான். அப்பாவின் பேரன் (தாத்தா) வரைக்கும் மேலே போங்கள், முடிந்தால் பூட்டன் (தாத்தாவின் தகப்பன்) வரை. பெண்களின் பெயர் விடுபடுவதே வழமை: "இன்னாருக்கு இன்னார் மகன்" என்று ஆண் வழியே ஓடிவிடும். அப்பாச்சியின் பெயர், அவர் எந்த ஊர், அவருடைய தகப்பன் யார் என்பதை உயிரோடு இருக்கும் மூத்த மாமியிடம் இந்த மாதமே கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் பிறகு வேர் தேடி வரும்போது சிக்கல் வருவது இந்த இடத்தில்தான்.

சிறுவயதில் இறந்த பிள்ளைகளையும் சேருங்கள். பிரிந்து போன மருமக்களைச் சேர்ப்பதா என்பதை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களின் தாய் தகப்பன் பெயர் மரத்தில் இருப்பதே முறை என்பது என் எண்ணம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, முகவரி, அடையாள அட்டை எண் எதையும் அச்சடிக்காதீர்கள். வங்கிகள் அடையாளம் உறுதிசெய்யக் கேட்கிற விவரங்கள் இவை.

ஒவ்வொரு குடும்பத்தின் கிளையையும் அந்தந்தக் குடும்பத்துக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, இன்ன நாளுக்குள் திருத்தம் சொல்லும்படி கேளுங்கள். எழுத்துக்கூட்டல் அவர்கள் விருப்பம். மகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் "நிரோஷா"வா "நிறோசா"வா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

புலம்பல், திருமுறை, நன்றி

புலம்பல் எழுதித் தர ஆட்கள் இருக்கிறார்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒழுங்காக வரும். ஒஸ்லோவில் பாலர் வகுப்பில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தை எண்சீர் விருத்தத்தில் அம்மப்பாவை நினைத்து அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஊரில் வயதானவர்கள் புலம்பலைச் சத்தமாக வாசித்து அழுவார்கள், அவர்களுக்கு அது வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆளுக்கு ஐந்தாறு வரி, தங்கள் சொந்த வசனத்தில், எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் எழுதவராத பிள்ளை நோர்வேஜிய மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும், அதையும் அச்சடியுங்கள். வாழ்க்கை வரலாற்றின் சுருக்கம் ஒரு பக்கம் அவர்கள் வாசிக்கும் மொழியில் இருந்தால் இன்னும் நல்லது.

திருமுறைக்குப் பஞ்சபுராணம் என்று ஓதும் ஐந்து பாடல்களும் சிவபுராணமும் போதும். மனப்பாடத்தில் இருந்து தட்டச்சு செய்யாமல் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். அப்பா அடிக்கடி பாடும் பதிகம் ஒன்று இருந்திருந்தால் அதைச் சேர்க்கலாம்.

நன்றி நவிலலில் தனிப்பெயர் வேண்டாம். ஒரு பெயர் விடுபட்டால் ஆயுள் பகை. பாடை காவியவர்கள், அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு தந்த அயலவர், மருத்துவர்கள், தாதியர், தூரத்தில் இருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள் என்று வகையாகச் சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

படங்களும் அச்சகமும்

முகப்புப் படத்துக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிக்க வேண்டாம், முகம் கலங்கிப்போகும். ஊரில் படம் இல்லாவிட்டால் வெளிநாட்டு உறவினரைக் கேளுங்கள். கல்யாணப் படத்தின் பிரதி ஒன்றை அந்தக் காலத்தில் தபாலில் அனுப்பியிருப்பார்கள், அது அங்கே பத்திரமாக இருக்கும். சிறிய படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கான் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்திலும் யார் யார் நிற்கிறார்கள் என்று மூத்தவரிடம் கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனை மை நாளடைவில் முன்பக்கம் ஊறும்.

நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் வந்தால் 32 ஆக்கி இரண்டு பக்கம் படம் போடுங்கள். ஊர் அச்சகங்களில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு இன்னும் புழங்குகிறது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தால் அங்கே மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஹ போன்றவையும் சில கொம்புகளும் சிதறலாம். அதனால் கணினித் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல் கடதாசியில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் மூலப் பிரதியில் விரல் வைத்துப் பார்க்கட்டும். பெயர்கள், திகதிகள், படங்களின் கீழே உள்ள வரிகள் மூன்றையும் தனியாக இன்னொரு தடவை பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிரதிகளை ஆளுக்கு ஒன்று என்று எண்ணாமல் வீட்டுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பவும் ஆண்டுத் திவசத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக.

ஒரு மாதம் போதவே போதாது என்று இரண்டாம் வாரத்தில் தெரிந்துவிட்டால் இழுத்துப் பறிக்க வேண்டாம். 31-ஆம் நாளுக்குத் திதியும் படமும் நன்றியும் கொண்ட நான்கு பக்கத் துண்டை அடித்துவிட்டு, முழு மலரை ஆண்டுத் திவசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அரைகுறையாக வந்து பிழைகளோடு நிற்பதைவிட இதுவே மேல் என்று சொல்வேன். அம்மாவும் அதற்குள் நிறையச் சொல்லியிருப்பார்.

கொடுத்து முடிந்தபின்

அச்சகத்திடம் இருந்து பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கிக் குடும்பத்தில் மூன்று நாடுகளில் உள்ள மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். அப்பா படித்த பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒன்று, ஊர் வாசிகசாலைக்கு ஒன்று. 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. நினைவு மலர்களுக்கும் அங்கே இடம் உண்டு. கொடுப்பதற்கு முன் வம்சாவளிப் பக்கத்தைப் பொதுவில் வைக்கலாமா என்று குடும்பத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். ஒலிப்பதிவுகளையும் கொப்பியையும் எறியாதீர்கள். கல்வெட்டில் இடம் பிடிக்காத கதைகள் அதில்தான் இருக்கின்றன, அடுத்ததாக அம்மான் வீட்டில் இதே வேலை வரும்போது பாதி விவரம் அங்கிருந்தே எடுக்கலாம்.